ஒரு யானைத் தலைக்காக ஏழு உருண்டைகள்

நூலில் பின்னும் யானைக்குத் தலை என்பது ஓர் உருண்டை. தும்பிக்கையும் காதும் அதன்மேல் தைத்துச் சேர்ப்பவைதான். ஆகவே உருண்டை சரியாக வரும்வரை வேறு எதையும் தொடுவதில்லை என்று மே மாதம் முடிவு செய்தேன். அக்கா மகளுக்கு ஆவணியில் முதல் பிறந்தநாள். அதற்குள் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது.

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, எனக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டை அத்தையிடம் பள்ளி விடுமுறைகளில் கற்றுக்கொண்டு மேசை விரிப்பும் தோரணமும் பின்னியிருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்னும் வேலைகள். பொம்மைக்குத் திருப்புவதே கிடையாது. நத்தை ஓடு போல ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். சுற்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானில் இந்தப் பொம்மைகளுக்கு அமிகுருமி என்று பெயர். பின்னலைக் குறிக்கும் ‘அமி’யும், பஞ்சு திணித்த பொம்மையைக் குறிக்கும் ‘நுயிகுருமி’யும் சேர்ந்து வந்த சொல் அது.

முதல் உருண்டை வலைப்பை போல வந்தது. அத்தை கொடுத்த பழைய கையேட்டில் ‘டபுள்’ என்ற கண்ணி வகையைப் போடச் சொல்லியிருந்தது. நான் காணொளிகளில் பார்த்துப் பழகிய டபுளைப் போட்டேன், அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் விடுவது. ஒவ்வொரு கண்ணியும் நெட்டையாக நின்றது. இடையில் விரல் நுழையும் சந்து. தொலைபேசியில் படம் பார்த்த அத்தை உடனே சொன்னார்: “நீ போட்டிருப்பது டபுள் இல்லையம்மா, ட்ரெபிள்.” கையேடு பிரிட்டிஷ் வழக்கில் எழுதப்பட்டது. அவர்கள் டபுள் என்பதை அமெரிக்கர்கள் சிங்கிள் என்கிறார்கள். அவர்களுடைய ட்ரெபிள் இவர்களுக்கு டபுள். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்தக் குறிப்பை எடுத்தாலும் அது எந்த நாட்டு வழக்கு என்று முதலில் பார்த்துவிடுங்கள். பொம்மைக்கு வேண்டியது குட்டையான, நெருக்கமான கண்ணி. அமெரிக்க வழக்கில் சிங்கிள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டாவது உருண்டையில் தொடக்க வளையம் பிடிபட்டது. நூலை இடது ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஒரு சங்கிலிக் கண்ணி போட்டுக்கொண்டு, வளையத்துக்குள்ளேயே ஆறு சிங்கிள். பின்னும்போது வளையத்தின் நூலையும் வால் நூலையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பிறகு வாலை இழுத்தால் பாட்டியின் சுருக்குப்பை வாய் மூடுவது போல நடுத்துளை மூடிவிடுகிறது. அந்த முதல் இழுப்பில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் வாலை ஒட்ட வெட்டிவிட்டேன். நான்கு நாளில் துளை மறுபடி திறந்துகொண்டது. இப்போதெல்லாம் ஒரு சாண் வால் விட்டு, உள்பக்கமாக வளையத்தைச் சுற்றி இருமுறை கோத்துவிட்டுத்தான் வெட்டுகிறேன்.

அதே உருண்டை உள்வெளியாகவும் இருந்தது. கிண்ணம் குழியத் தொடங்கியதும் பின்னல் தானாகவே உட்பக்கத்தை வெளியே காட்டி மடிகிறது. வெளிப்பக்கம் எது என்று அறிவது எளிது: நெல்மணிகளைச் சாய்த்து அடுக்கியது போல ‘வி’ வடிவங்கள் தெரிந்தால் அதுதான் வெளிப்பக்கம். குறுக்குக் கோடுகள் தெரிந்தால் உட்பக்கம். மூன்றாம், நான்காம் சுற்றிலேயே கிண்ணத்தைப் புரட்டிவிட்டால் போதும்.

மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஆறு கண்ணி பன்னிரண்டாக வேண்டும் என்றால் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட வேண்டும். அடுத்த சுற்றிலும் அதையே செய்தேன்: 24. அதற்கடுத்து 48. வட்டம் வட்டமாக இருக்க மறுத்து நெளிந்து, கோழிக்கொண்டைப் பூவாக மலர்ந்துவிட்டது. பிரிக்க மனமே வரவில்லை, அவ்வளவு அழகு. சரியான கணக்கு 6, 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூடுவது. ஏன் ஆறு என்று யோசித்துப் பார்த்தபோது பள்ளிக் கணக்கு கைக்குள் வந்து உட்கார்ந்தது. வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 6.28 அலகு கூட வேண்டும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, ஒரு சுற்று ஏறினால் ஆறு கண்ணி கூடினால்தான் வட்டம் தட்டையாகக் கிடக்கும். குறைந்தால் கிண்ணமாகக் குழியும், மிகுந்தால் கொண்டையாக நெளியும். அந்த நெளிவுக்கும் கணிதத்தில் இடமுண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல் இதே வழியில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் ஹைபர்போலிக் தளத்தை, அதாவது விரிய விரிய நெளிந்துகொண்டே போகும் பரப்பை, கையில் எடுத்துப் பார்க்கும்படி குரோஷாவில் செய்து காட்டினார். என் கொண்டைப் பூ இப்போது மேசை விளக்கின் அடியில் இருக்கிறது.

நான்காவது எண்ணிக்கை தவறிக் கோணியது. சுற்றின் முதல் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதை மேலே ஏற்றிக்கொண்டே போவதுதான் தீர்வு. இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். ஊக்கு இருந்த இடங்களைக் கோடாக இழுத்தால் அது நேராக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சுழன்று ஏறும் பின்னலின் இயல்பு அது. ஆகவே காதையும் காலையும் எங்கே வைப்பது என்பதை ஊக்கை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

ஐந்தாவதில் கணக்கு சரி, வடிவம் அறுகோணம். கூட்டும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஆறு மூலைகள் எழும்பிவிடுகின்றன. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தைச் சற்றே தள்ளிப் போட்டதும் மூலைகள் மறைந்தன.

ஆறாவதில் பஞ்சு. வீட்டுத் தலையணைகள் எல்லாம் இலவம் பஞ்சு என்பதால் அதையே திணித்தேன். அமுக்கும்போதெல்லாம் மெல்லிய இழைகள் கண்ணிகளின் வழியே வெளியே வந்தன. மூக்கில் ஏறித் தும்மல். குழந்தை வாயில் வைக்கப்போகிற பொம்மைக்கு இது ஆகாது. துவைத்தால் காயக்கூடிய பாலியெஸ்டர் பஞ்சு வாங்கினேன். கூடவே ஊசியையும் மாற்றினேன். நூல் சுற்றின் உறையில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று அச்சிட்டிருந்தது. அது உடுப்புக்கான அளவு. பொம்மைக்கு இரண்டு அளவு கீழே இறங்கி 3 மில்லிமீட்டர் எடுத்தபோது சந்துகள் மூடிக்கொண்டன. இடதுகையில் நூலைப் பிடிக்கும் இறுக்கத்தைப் பூக்கட்டிப் பழகிய விரல்கள் தாமாகவே அறிந்திருந்தன. நார் தொய்ந்தால் மல்லிகை உதிரும், இழுத்தால் காம்பு அறும். இங்கும் அதே பதம்தான்.

ஏழாவது. ஆறு சுற்றுகளில் 36 வரை ஏறி, ஆறு சுற்று கூட்டாமல் குறைக்காமல் பின்னி, பிறகு 30, 24, 18, 12, 6 என இறங்கினேன். 17 சுற்று, 432 கண்ணி. இறக்கத்தில்தான் முந்தைய உருண்டைகள் எல்லாம் முடிச்சு முடிச்சாகத் துருத்தின. இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கும்போது கண்ணியின் தலையில் ‘வி’ போலக் கிடக்கும் இரு இழைகளிலும் ஊசியை விடாமல், அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை (நம் பக்கம் இருப்பவற்றை) மட்டும் எடுத்துச் சேர்த்துப் பின்னினால் குறைத்த இடமே தெரிவதில்லை. இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 18 கண்ணி மிஞ்சியபோதே பஞ்சைச் சிறு சிறு துணுக்குகளாக உதறித் திணித்தேன். பெரிய கட்டியாகப் போட்டால் உள்ளே மேடு பள்ளம் ஆகிறது. கடைசி ஆறு கண்ணிகளின் முன் இழைகளில் நூலைக் கோத்து இழுத்தேன். மறுபடியும் சுருக்குப்பை. உருண்டையைத் தரையில் உருட்டினேன். கோணாமல் சுவர்வரை போய் நின்றது. இரவு மணி 11. எழுப்பிக் காட்ட யாரும் இல்லை, அத்தைக்குப் படம் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

கண்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடைகளில் பளபளப்பான பிளாஸ்டிக் கண்கள் கிடைக்கின்றன. பின்புறம் வட்டு மாட்டி இறுக்குவது. பார்க்க மிக அழகு. ஆனால் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அதை நான் வைக்க மாட்டேன். கண்ணி தளர்ந்து அது பிடுங்கிக்கொண்டு வந்தால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலால் தைத்துவிட்டேன். பதினோராம் சுற்றுக்கும் பன்னிரண்டாம் சுற்றுக்கும் இடையில், நடுவே ஏழு கண்ணி விட்டு. முதலில் இன்னும் மேலே தைத்துப் பார்த்தபோது முகம் மிரண்டது போல இருந்தது. இரண்டு சுற்று கீழே இறக்கியதும் குட்டி யானை ஆகிவிட்டது.

தும்பிக்கையும் உடலும் முடிந்தன. இப்போது கால்கள். பாதம் தட்டையாக நிற்க, 18 கண்ணி வட்டம் முடிந்ததும் ஒரு சுற்றைப் பின் இழைகளில் மட்டும் பின்ன வேண்டும். அப்போது விளிம்பு மடங்கி, கிண்ணமாக இல்லாமல் தூணாக எழும்புகிறது. மூன்று கால்கள் பின்னி வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்று மட்டும் குட்டை. எண்ணினால் 14 சுற்றுக்குப் பதில் 13. மற்ற இரண்டும் சரியாக நிற்கின்றன. குட்டைக் காலின் நுனியை இன்று மாலை பிரித்துவிட்டேன். ஊசியும் ஊக்கும் பக்கத்தில் தயாராக இருக்கின்றன.