மோனா ஃபெண்டி வழக்கின் வழியே: மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து காஜாங் வரை

கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டைப் படமெடுத்துவிட்டுப் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே 1897-இல் எழும்பிய இந்தச் செங்கல் கட்டடத்தில், புத்ராஜெயாவுக்கு இடம் மாறும் வரையில், நாட்டின் உயரிய நீதிமன்றங்கள் இயங்கிவந்தன. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைக் கொன்றதற்கான தூக்குத் தண்டனையை எதிர்த்து மந்திரவாதி மோனா ஃபெண்டி செய்த மேல்முறையீட்டைக் கூட்டரசு நீதிமன்றம் 1999-இல் தள்ளுபடி செய்தது அந்தக் காலத்தில்தான்.

பெர்லிஸ் மாநிலத்தின் கங்காரில் 1956-இல் பிறந்த அவரின் இயற்பெயர் நூர் மஸ்னா இஸ்மாயில். பாடகியாகப் பெயரெடுக்க முயன்று, அது கைகூடாமல் போகவே, கணவர் அஃபெண்டியோடு சேர்ந்து பொமோ எனப்படும் மலாய் மந்திரவாதத் தொழிலில் இறங்கினார். அரசியல்வாதிகளும் வசதி படைத்தவர்களும் அவரை நாடி வந்தார்கள். தொடர் கொலைகாரி என்று அவரைச் சொல்வோர் உண்டு என்றாலும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது ஒரே ஒரு கொலைதான்.

அந்த ஒன்றே போதும். பகாங் மாநிலத்தின் பத்து தாலாம் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் அமெரிக்காவில் படித்தவர். இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கைத்தடியும் சொங்கோக் என்ற மலாய்த் தொப்பியும் தம்மிடம் வந்துவிட்டால் யாராலும் தம்மை அசைக்க முடியாது என்று நம்பி, 25 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒப்புக்கொண்டு, 5 லட்சத்தை முன்பணமாகக் கொடுத்து, மீதிக்கு நிலப் பட்டாக்களையும் ஈடு வைத்தார். 1993 ஜூலையில், ரவூப் அருகே மோனாவின் வீட்டில் நடந்த சடங்கில், தரையில் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொண்டால் வானத்திலிருந்து பணம் விழும் என்று சொல்லி, உடல்மேல் பூக்களை வைத்தார்கள். அவர் காத்திருக்கையில், உதவியாளர் ஜுரைமி கோடரியால் கழுத்தை வெட்டினார். 18 துண்டுகளாக்கிப் புதைக்கப்பட்ட உடல் அம்மாதம் 22-ஆம் தேதி தோண்டி எடுக்கப்பட்டது. இதற்கிடையே மோனா ஒரு மெர்சிடிஸ் காரும் வாங்கி, முக அழகு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார்.

எல்லாரும் நீதிமன்றத்துக்கு வந்த மோனாவின் சிரிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ மஸ்லான்தான் பெரிய புதிர். தேர்தல் நெருங்கினால் சாமியார் வீட்டு வாசலில் பெரிய கார்கள் வரிசை பிடிப்பதை நம்மவரிடையேயும் பார்த்தே வளர்ந்தவள் நான். படிப்பு அந்த வரிசையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

மெர்டேக்கா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமலே காஜாங் போய்ச் சேரலாம். ஸ்டேடியம் காஜாங்கில் இறங்கி, சிறைச்சாலைப் பக்கம் போகக் கிராப் வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் தமிழர், அறுபதைத் தாண்டியவர்.

"அப்போ பேப்பரைத் திறந்தாலே அவ சிரிச்சுக்கிட்டு நிப்பா தங்கச்சி. கோர்ட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி பளபளன்னு உடுத்தியிருப்பா," என்றார்.

தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் ஏழு ஜூரிகள் முன்னிலையில் நடந்த அவ்வழக்கு, இந்நாட்டின் கடைசி ஜூரி வழக்குகளுள் ஒன்று. 1995-இல் மோனா, அஃபெண்டி, ஜுரைமி மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2001 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை விடியலில் இதே காஜாங் சிறையில் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். தாம் சாகப்போவதில்லை என்று மோனா கடைசியாகச் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. ஓட்டுநரும் அதைத்தான் முதலில் சொன்னார்.

கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதால், இன்று இப்படியொரு வழக்கில் உயிரை விட்டுவைக்கவும் நீதிபதிக்கு இடமுண்டு. அது நல்லதென்று நான் சொன்னதை ஓட்டுநர் கொஞ்சமும் ஏற்கவில்லை. பேச்சு காரை விட்டு இறங்கும்வரை நீண்டது. சிறைச்சாலையைப் பார்க்கப் போகிறவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், வாசலருகே நின்று படமெடுக்க விடமாட்டார்கள்.