பதினைந்துக்கு ஒன்பது: சேற்றோட்டமும் விடாத குட்டித்துள்ளலும்

சனிக்கிழமை பன்னிரண்டுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை பதினைந்துக்கு ஒன்பது. சைக்கிளோகிராஸ் பந்தயத்தில், அதாவது தடுப்புப் பலகை வந்தால் இறங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி மறுபடி ஏறவேண்டிய பந்தயத்தில், ஓடிவந்து சைக்கிளில் தாவும்போது நடுவில் அந்தக் குட்டித்துள்ளலைப் போடாமல் ஏறிய கணக்கு இது. என் அக்காள் மகன் தடுப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சமும் இரக்கமில்லாமல் எண்ணினான். பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இப்போது என்ன அவசரம்?

தீபாவளிக்கு அடுத்த வாரம். தின்ற முறுக்கும் நெய்யுருண்டையும் இன்னும் வயிற்றைவிட்டு இறங்கவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற தோட்டம். நான் பிறந்தபோது பால்மரக் காடு, அதாவது ரப்பர்; இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள், பள்ளித் திடல் மட்டும் மிச்சம். மாலையில் சேர்ந்து ஓட்டும் எங்கள் கூட்டம் தோட்ட நிர்வாகியிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியது. திடலைச் சுற்றி, செம்பனை நிரைகளுக்குள் நுழைந்து, பழைய மருந்தகத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி, செம்மண் பாதை வழியாகத் திரும்பும் இரண்டு கிலோமீட்டர் சுற்று. சனிக்கிழமை ஒரு பந்தயம், ஞாயிறு ஒன்று, தலா நாற்பது நிமிடம்.

வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். வளைந்த ஹேண்டில்பார் வைத்த அசல் சைக்கிளோகிராஸ் வண்டி ஆறுதான், மற்றதெல்லாம் மலைச் சைக்கிள். டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற உலகச் சைக்கிள் சம்மேளன விதியை இங்கே பேசினால் பதினாறு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பலகைகளையாவது விதிப்படி வைப்போம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்: 40 சென்டிமீட்டர் உயரம், இரண்டுக்கும் நடுவில் 4 மீட்டர். சரக்குப் பலகைகளை வாங்கி, அளந்து, அறுத்து, இழைத்து, மஞ்சள் வண்ணம் பூசியவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

திடலோரத்தில் தேநீர் விற்க வந்த பாட்டி முதல் சுற்று முழுவதையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, சைக்கிள் உன்னைச் சுமக்க வேண்டுமா, நீ சைக்கிளைச் சுமக்க வேண்டுமா?" 1902ஆம் ஆண்டு பிரான்சில் முதல் தேசியப் போட்டி நடந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. நானும் ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்கிக் குடித்துவிட்டு நழுவினேன்.

இனித் துள்ளலுக்கு வருகிறேன். இறங்குவதில் எனக்குத் தகராறு இல்லை. வலது காலைப் பின்னால் வீசி, இடது பெடலில் நின்றபடியே வந்து, பலகைக்கு இரண்டடி முன்னால் இடது காலை விடுவித்து ஓடத் தொடங்குவது இரண்டே வாரத்தில் கைவந்துவிட்டது. தூக்குவது, தோளில் மாட்டுவது, எல்லாம் சரி. ஏறுவதில்தான் சனி பிடித்தது. செய்ய வேண்டியது என்னமோ சின்ன வேலை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில். வண்டிக்கு இடப்பக்கம் ஓட்டம். இடது காலால் தரையை உந்தி, வலது காலைச் சீட்டுக்கு மேல் வீசி, வலது தொடையின் உட்புறம் சீட்டில் பட, அப்படியே வழுக்கி நடுவுக்கு வர வேண்டும். தாவி மேலேயிருந்து விழக் கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்பது இதைப் படிக்கும் ஆண்களுக்குத் தெரியும்.

நான் உந்துவதற்கு முன் இடது கால் தன்னிச்சையாக ஒரு சின்னக் குதி குதிக்கிறது. கால் நொடி இருக்கலாம். அந்தக் கால் நொடியில் வண்டி வேகம் செத்துவிடுகிறது, பின்னால் வருபவன் என்னைத் தாண்டிவிடுகிறான். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, பலகையில் ஒன்று, மேட்டில் ஒன்று. ஐந்து மாதம் இதோடுதான் மல்லுக்கட்டினேன். மாலை ஆறரைக்குத் திடலில் முதலில் நடந்தபடி ஏறிப் பார்த்தேன். பிறகு மெல்லோட்டம். சீட்டை ஐந்து மில்லிமீட்டர் இறக்கினேன். சீட்டில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு பயத்தைத் தெளிவிக்கப் பார்த்தேன். பலகைக்குப் பதில் முழங்கால் அளவுகூட வராத அட்டைப்பெட்டிகளை வைத்துப் பழகினேன். துள்ளல் அட்டைப்பெட்டிக்கும் வந்தது, பலகைக்கும் வந்தது, ஒன்றுமே வைக்காத வெறும் புல்லுக்கும் வந்தது.

அக்காள் மகன் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துக் கொடுத்தான். அதை ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நான் சைக்கிள் கற்றது அப்பாவின் ராலே வண்டியில். முதலில் தண்டுக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். உயரம் வந்தபின், எல்லாப் பெரியவர்களையும்போல, இடது காலை இடது பெடலில் ஊன்றி, வலது காலால் தரையைத் தத்தித் தத்தி உந்தி, வேகம் பிடித்தபின் காலை வீசிப் போடுவது. முப்பது வருடமாக உடம்புக்குத் தெரிந்த வரிசை இதுதான்: இடது காலுக்கடியில் பெடல் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் வலது கால் தரையை விடும். காணொளியில் என் கண் அந்த நொடியில் கீழே போகிறது, இடது பெடலைத் தேடுகிறது. பெடல் எங்கோ சுழன்றுகொண்டிருக்கிறது. கால் ஏமாந்துபோய்த் தரையிலேயே இன்னொரு தரம் குதிக்கிறது. காரணம் தெரிந்துவிட்டது என்று குதூகலமாகப் போய்ப் படுத்தேன். மறுநாள் திடலில் பத்துக்குப் பத்தும் துள்ளல்.

சனிக்கிழமையும் அதே கதைதான். தரை காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது. முன் டயரில் காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ., பின்னால் 28. ஆறு சுற்று, பன்னிரண்டு ஏற்றம், சுத்தமானவை இரண்டு. அந்த இரண்டும் எப்படி வந்தன என்று எனக்கே தெரியாது. ஓர் இளைஞர், ஸ்வென் நைஸ் மாதிரி பலகையை வண்டியோடு தாண்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். 2005இலும் 2013இலும் உலகப் பட்டம் வென்ற அந்த பெல்ஜியக்காரருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இவருக்கு இரண்டாம் பலகையில் பின்சக்கரம் தட்டியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மஞ்சள் பலகைதான் விரிந்துவிட்டது. நான் பதினான்காவது.

நடுவில் சீலண்ட் பற்றி, அதாவது டயரில் விழும் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செம்பனை நிரைக்குள் ஓட்டுபவர்களுக்கு வெட்டிப்போட்ட மட்டையின் அடி முள் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. டியூப் போட்டு ஓட்டினால் ஒரு சுற்று தாங்காது. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்தான் கதி. உள்ளே ஊற்றும் சீலண்டில் பல வகை பால்மரப் பாலில்தான் செய்யப்படுகின்றன. சனிக்கிழமை இரவு வீட்டு முன்நடையில் வைத்துப் புட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். "இது பால் நிறுக்கும் கொட்டகை வாசம் அல்லவா?" என்றார். அமோனியா. வெட்டிய பால் உறையாமலிருக்க அன்று தோட்டத்தில் ஊற்றியதும் அதுதான். உறைய வைக்க வேண்டுமானால் ஃபார்மிக் அமிலம். இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர், அரை லிட்டருக்கு எழுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். "வெளிநாடு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த எழுபது வெள்ளியும் நிலைக்கிறதா என்றால் இல்லை. புட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். குளிர் நாட்டில் மாதக்கணக்கில் தாங்குவது நம் வெயிலில் ஆறு வாரத்தில் டயருக்குள் ரப்பர் உருண்டையாகிவிடுகிறது. ஒரு கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி எடுத்து வைத்திருக்கிறேன், மருமகன் அதை வைத்து விளையாடுகிறான். இன்னொன்று: நின்றபடி அடிக்கும் பம்பில் உள்ள அளவுமுள் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே சொல்வதெல்லாம் கட்டுக்கதை. 60 வரை மட்டும் காட்டும் சின்ன அளவி தனியாக வாங்குங்கள். இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசத்தில் திருப்பத்தில் வண்டி நிற்பதும் படுப்பதும் தீர்மானமாகிவிடும்.

ஞாயிறு விடியற்காலையில் பிடித்த மழை பத்து மணிவரை விடவில்லை. தலைநகர் கோலாலம்பூரின் பெயரிலேயே சேற்றை வைத்திருக்கும் நாடு, மலாயில் லும்பூர் என்றால் சேறுதான். பெல்ஜியத்துக்காரர்கள் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை காத்திருந்து ஓட்டும் சேறு நமக்கு ஒரே காலையில் வந்துவிடுகிறது. ஆறு பேர் திடலை எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் காரிலிருந்து இறக்கவேயில்லை. நான் முன்னால் 22, பின்னால் 24 என்று காற்றைக் குறைத்துக்கொண்டேன்.

செம்மண்ணும் நைந்த புல்லும் சேர்ந்தால் சேறு என்று சொல்லக் கூடாது, அது பிசைந்த மாவு. அரைச் சுற்றுக்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. வடிகாலருகே ஓட்டவே முடியாமல் மூன்றாவது இடத்திலும் இறங்க வேண்டிவந்தது. வண்டி இரட்டைப் பாரம். முதல் சுற்றில் மூன்று ஏற்றம், மூன்றிலும் துள்ளல்.

அந்தச் சுற்றில் மேட்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்தபோது காலணியின் கிளீட், பெடலோடு பூட்டும் அடிக்கொக்கி, பெடலில் மாட்டவில்லை. தட்டினேன், உதைத்தேன், திட்டினேன். மண் இறுகிப்போய்க் கல்லாக உட்கார்ந்திருந்தது. சரி, மாட்ட முடியாத பெடலை எதற்குத் தேடுவது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் சுற்றில் பலகைக்கு வந்தேன், தாண்டினேன், எதிரே இருந்த செம்பனையின் குலையைப் பார்த்தபடி ஏறினேன். தொடை சீட்டில் பட்டு வழுக்கியது. "ஒன்று!" என்று மருமகன் கத்தியது மழையிலும் கேட்டது. இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுகளில் ஒன்பது ஏற்றம், ஒன்பதும் சுத்தம். எட்டாவது ஏற்றத்தில் ஒருவரைத் தாண்டியும் விட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல வண்டி வைத்திருப்பவர். இதை எழுதாமல் விடுவேனா?

ஐந்தாம் சுற்றில் மழை மறுபடியும் கொட்டியது. பெடலில் இருந்த மண்ணெல்லாம் கரைந்து போயிற்று. கிளீட் டக்கென்று மாட்டியது. அவ்வளவுதான், கண் கீழே போயிற்று. மூன்று ஏற்றம், மூன்று துள்ளல்.

பதினோராவதாக வந்தேன். பதினாறு பேரில்.

மருமகன் சொல்லும் வைத்தியம், ஒரு மாதம் கிளீட் இல்லாத தட்டைப் பெடலில் பழகுவது. கசக்கிறது என்றாலும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் நான் ஏற்கெனவே, மண் எளிதில் கழன்று விழும் வேறு பெடல் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டேன். ஈப்போவில் ஒரு கடையில் இருக்கிறது. இணையத்தில் வாங்க மாட்டேன். போன முறை ஒரு விற்பனையாளர் பிரேக் கட்டையை வேறு வடிவத்தில் அனுப்பிவிட்டு, படத்தில் இருப்பது மாதிரிதான் இருக்கிறது என்று மூன்று நாள் வாதாடினார். கோலகங்சாரில் ஆற்றோரமாக ஒரு சுற்று அமைக்கலாமா என்றும் பேச்சு நடக்கிறது. அதற்கு முன் விரிந்த மஞ்சள் பலகையைச் சரிசெய்ய வேண்டும், இடது கிராங்கில் கேட்கும் முனகலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோட்டார் கழுவும் கடையில் ஐந்து வெள்ளி கொடுத்து அழுத்தத் தண்ணீர் பீய்ச்சியது என் தப்புதான், பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

பின் டயரைத் துடைத்தபோது ஒரு மட்டை முள்ளைப் பார்த்தேன். ஓரத்தில் முழுசாக இறங்கியிருக்கிறது, சுற்றிலும் வெள்ளையாகப் பால் கசிந்து உறைந்திருக்கிறது. பிடுங்கவில்லை. சீலண்ட் தீர்ந்துவிட்டது, அடுத்த புட்டி வியாழக்கிழமைதான் வருகிறது.