பரிசோதனைப் பட்டைக்குத் தங்கக் கூழ்மம்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3
கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோத்துகள்தான். 40 நானோமீட்டர் அளவில் தயாரிக்க வேண்டும். இன்று கழுவும் வேலை: குடுவையும் கலக்கும் காந்தத் துண்டும் இராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக் 3 பங்கு, நைட்ரிக் 1 பங்கு). திராவகம் உள்ள பாட்டிலை இறுக மூடக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். பழைய தங்கம் சுவரில் மிஞ்சியிருந்தால் புதுத் துகள் அங்கேயே படியும்.

ஜூன் 4
0.01% குளோரோஆரிக் அமிலம் (தங்கம் உள்ள சேர்மம்) 100 மில்லி. இதன் படிகத்தை எஃகுக் கரண்டியால் அள்ளக் கூடாது. கரண்டி அரிக்கும், தங்கமும் வீண். நன்றாகக் கொதித்ததும், வேகமாகக் கலக்கியபடி 1% டிரைசோடியம் சிட்ரேட் (தங்கத்தைத் துகளாக்கும் உப்பு) 1 மில்லியை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் அளவு சீராக வராது. மஞ்சள் மறைந்து, கருநீலம் வந்து, பிறகு சிவக்கும். சிட்ரேட்டை 2 மில்லியாக்கினால் துகள் 16 நானோமீட்டராகச் சுருங்கும். இந்தக் கணக்கு 1973இல் ஃப்ரென்ஸ் என்ற ஆய்வாளர் தந்தது. 30 நானோமீட்டருக்கு மேல் இம்முறையில் உருண்டை வடிவம் கெடத் தொடங்கும். அதனால் பெரிய துகளுக்கு விதைத்துகள் வளர்ப்பு முறையே (சிறு துகளை விதையாக வைத்துப் பெரிதாக்குவது) மேல் என்பது எங்கள் கருத்து.

ஜூன் 6
முக்கியமான நாள்: துகள்மேல் பூச ஆன்டிபாடி (கர்ப்ப ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) எவ்வளவு தேவை என்று உப்பை வைத்துக் கண்டுபிடிப்பது. முதலில் பொட்டாசியம் கார்பனேட்டால் பிஎச் 8.5க்கு ஏற்றம். மீட்டர் முனையைக் கூழ்மத்தில் முக்கினால் அடைத்துக்கொள்ளும். பிஎச் தாளே போதும். குழாய்க்கு 1 மில்லி கூழ்மம். ஆன்டிபாடி 0, 2, 4 என 14 மைக்ரோகிராம் வரை. பத்து நிமிடம் கழித்து 10% சோடியம் குளோரைடு 100 மைக்ரோலிட்டர். போதாத குழாய் நீலமாகும், ஏனென்றால் துகள்களைத் தள்ளி வைக்கும் மின்விலக்கத்தை உப்பு மறைக்க, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சிவப்பாகவே நிற்கும் முதல் குழாயின் அளவோடு இன்னும் 10 முதல் 20% சேர்த்தால் பாதுகாப்பு.

எல்லாக் குழாயும் நீலமானால் ஆன்டிபாடி வந்த கரைசலைப் பாருங்கள். பாஸ்பேட் உப்புக்கரைசலில் வந்திருந்தால் அந்த உப்பே கெடுத்திருக்கும். 2 மில்லிமோலார் போரேட்டுக்கு (பிஎச்சை நிலையாக வைக்கும், உப்பு குறைந்த கரைசல்) மாற்றி மறுபடி செய்ய வேண்டும்.

ஜூன் 7
துகளில் ஆன்டிபாடி படியாமல் மிச்சமான பரப்பை மூட அல்புமின் என்ற புரதம், இறுதி அளவு 1%, அரை மணி நேரம். பிறகு சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் படிய வைக்கும் கருவி). அடியில் நழுவும் கருஞ்சிவப்பு வண்டல் நல்லது. சுவரில் ஒட்டிய கறுப்புப் படலம் மீண்டும் கரையாது. அதைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள். வண்டலை 1% அல்புமின் கலந்த போரேட்டில் கலக்கி 4 டிகிரியில் வைக்கலாம். உறைய விட்டால் திரண்டுவிடும்.