அலுவலகத்தில் மறுபயனீட்டுத் தொட்டி: கெடுப்பது ஈரம்தான்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழே இருக்கும் நீலத் தொட்டி குடியிருப்புகளுக்கானது. வணிகக் கட்டடத்துக்கு அது தானாக வந்துவிடாது. பல நிறுவனங்கள் ஒரே தளத்தைப் பகிரும் இடமென்றால், தொட்டி வாங்குமுன் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள்: மறுபயனீட்டுப் பொருளை எடுப்பது யார், கலந்து எடுப்பார்களா, காகிதம் தனியாக வேண்டுமா, எந்தக் கிழமை வருவார்கள்? எங்கள் கட்டடத்தில் கலந்துதான் எடுக்கிறார்கள். அதனால் மூன்று நிறத் தொட்டிகளுக்கு வேலையே இல்லை. மறுபயனீட்டுக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மேசைக்கடியில் இருந்த குட்டிக் கூடைகளை எடுத்துவிட்டோம். அவை இருக்கும்வரை யாரும் எழுந்து வந்து பிரித்துப் போட மாட்டார்கள்.

கலந்து எடுக்கும் முறைக்கு எமன் ஈரம். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு அசுத்தமானது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அலுவலகத்தில் அதற்குப் பெரும்பாலும் ஜவ்வரிசி உருண்டை போட்ட பபிள் டீயே காரணம். குவளையின் அடியில் இரண்டு விரற்கடை தேநீர் மிஞ்சினாலே போதும், கீழே கிடக்கும் காகிதம் முழுக்க ஊறிவிடும். ஊறிய காகிதம் எரிஆலைக்குத்தான் போகும். அதன் சாம்பல், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்படும் செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்புமிடத்துக்கு.

ஆகவே தொட்டியைப் பேண்ட்ரி சிங்க்குக்கு அருகிலேயே வையுங்கள். சிங்க்கில் ஒரு சல்லடை கட்டாயம். இல்லாவிட்டால் ஜவ்வரிசி உருண்டைகள் குழாயை அடைத்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் மூடித்தாளை முழுதாக உரித்து, உறிஞ்சுகுழலோடு குப்பையில் போடுங்கள். மிச்சத்தைச் சல்லடையில் ஊற்றி, குவளையை ஒரு தடவை அலசிக் கவிழ்த்து, மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டால் போதும். சோப்பு தேவையில்லை. டிஷ்யூ, ஸ்டைரோஃபோம், எண்ணெய் பட்ட தாப்பாவ் (பொட்டலச் சாப்பாட்டு) பெட்டி எல்லாம் குப்பைக்கே.

அடுத்த ஓட்டை மாலையில் விழும். துப்புரவாளரிடம் இருப்பது ஒரே தள்ளுவண்டி, ஒரே கறுப்புப் பை. பிரித்ததெல்லாம் அதில் ஒன்றாகிவிடும். அது அவர் பிழையன்று. யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுபயனீட்டுக்கு உள்ளே தெரியும் பையைக் கொடுத்து, அதை எடுக்கும் நேரத்தையும் வேறாக்கி, அவருக்குப் புரியும் மொழியில் நேரில் சொல்லுங்கள்.

பேட்டரி, பவர் பேங்க் இரண்டு தொட்டிகளிலும் விழக்கூடாது; நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாம்.

பொருள் எடுக்க வருவதற்கு முந்தின நாள் பையைத் தூக்கி அடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், அந்த வாரம் யாரோ ஊற்றாமல் போட்டிருக்கிறார்கள். சிங்க்குக்கு மேலே, கண் மட்டத்தில், அலசிய நிஜக் குவளை ஒன்றை ஒட்டிவைத்த பிறகுதான் எங்கள் பை காய ஆரம்பித்தது.