பின்வரிசைக்காரர்கள்
இரண்டு நாளாக டகோட்டாஸ் இசைக்குழுவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'பாடகர் பில்லி ஜே. கிராமருக்கு வாசித்தவர்கள்' என்றால், 60-களின் பிரிட்டிஷ் பாட்டு கேட்கிறவர்கள் 'ஓ, அவங்களா!' என்பார்கள். அவர்களுடைய தலையெழுத்தே அதுதான்.

கிராமர் லிவர்பூல்காரர். பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அவரை எடுத்துக்கொண்டபோது, கூட வாசித்த பையன்கள் முழுநேரத் தொழிலாக வர மறுத்துவிட்டார்கள். எப்ஸ்டீன் மான்செஸ்டரிலிருந்து ரெடிமேட் குழுவான டகோட்டாஸைப் பிடித்துவந்து சேர்த்துவைத்தார். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் மாதிரிதான். ஆனால் ஓடியது! 1963-ல் 'பேட் டு மீ' பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். எழுதிக்கொடுத்தது பீட்டில்ஸின் ஜான் லெனன். மறுவருடம் 'லிட்டில் சில்ட்ரன்', அதுவும் முதலிடம்.

எனக்குப் பிடித்தது வேறு. அதே 1963-ல் பாடகர் இல்லாமல், கிட்டாரிஸ்ட் மைக் மேக்ஸ்ஃபீல்ட் எழுதிய 'தி க்ரூயல் சீ'யைத் தனியாக வெளியிட்டார்கள். வெறும் வாத்திய இசை. தயாரிப்பு, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். 18-ஆம் இடம் வரை போனது. குரலே வேண்டாம், கிட்டார் போதும் என்று தோன்றவைக்கிற வாசிப்பு.

1964-ல் பைரேட்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவிலிருந்து கிட்டாரிஸ்ட் மிக் கிரீன் வந்து சேர்ந்தார். தாளத்தைத் தாங்குகிற ரிதம், மெட்டை வாசிக்கிற லீட் இரண்டையும் ஒரே கிட்டாரில் சமாளித்த ஆள். அவ்வளவு பெரிய கிட்டாரிஸ்ட்டை வைத்துக்கொண்டு காதல் பாட்டுக்குப் பின்னால் மெல்ல மீட்டவிட்டார்கள். அநியாயம்!

டிரம்மர் டோனி மேன்ஸ்ஃபீல்ட் யார் தெரியுமா? பாடகி எல்கி புரூக்ஸின் அண்ணன்.

இயர்போன் போட்டு 'க்ரூயல் சீ' கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.