சக்கர் என்றால் சர்க்கரை இல்லை: நர்சிங் மாணவர்களுக்கான ஆன்லைன் பயிற்சி

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் இருக்கும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் ஓபிக்கு வந்தால் அவர்களிடம் எப்படிப் பேசுவது? அதற்கென்றே இந்தப் பயிற்சி. 90 நிமிடம் வீதம் 6 வகுப்பு, ஒரு பேட்ச்சுக்கு 24 பேர். மூன்று பேராகப் பிரித்தால் 8 குழு. இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கு நான்கு பிரேக்அவுட் அறைகளை (குழுக்கள் தனித்தனியாகப் பேசும் ஜூம் அறைகள்) மட்டும்தான் உருப்படியாகச் சுற்றிவர முடியும்.

"இந்த மாநிலத்தார் இதைச் சாப்பிடுவார்கள், இந்த மதத்தார் இதைச் செய்வார்கள்" என்று ஸ்லைடு போடுவது எளிது. ஆனால் அதுதான் முதல் தவறு. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர் நோயாளியைக் கேட்பதையே விட்டுவிடுவார். ரமலான் என்றால் எல்லா முஸ்லிம்களும் நோன்பில் இருப்பதாக நினைத்து, மாத்திரை நேரத்தைத் தானே மாற்றி எழுதிவிடுவார். எனவே பட்டியலை எடுத்துவிட்டு, கேள்விகளை வைத்தோம்.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலருமான ஆர்தர் கிளைன்மன் 1978இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில், நோயாளி தன் நோயை எப்படிப் பார்க்கிறார் என்று அறியக் கொடுத்த கேள்விகள்தான் அடிப்படை. ஆனால் அப்படியே பெயர்த்து, "உங்கள் நோய்க்கு என்ன பெயர் சொல்வீர்கள்?" என்றால், "அதை நீங்கதானே சொல்லணும்" என்ற பதில்தான் வரும். "உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்வாங்க?" என்று கேட்டால் பேச்சு வளரும். "இதுல உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?" என்பதைக் கடைசியில் வையுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு. ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி, ஒருவர் மொழிபெயர்ப்பாளர். 7 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கருத்து. மூன்று சுற்றில் மூவரும் மூன்று வேடமும் போட்டுவிடுவார்கள். யார் வீட்டில் என்ன மொழி என்று கூகுள் ஃபார்மில் முன்பே கேட்டுக் குழு பிரியுங்கள். இந்திதான் வேண்டும் என்றில்லை. நர்ஸுக்குத் தெரியாத தெலுங்கோ உருதுவோ போதும்.

இங்கே தமிழின் "ஆம்" விகுதி ஒரு பொறி. "வலிக்குதாம்", "ஒண்ணும் இல்லையாம்" என்ற நொடியில் மொழிபெயர்ப்பாளர் சுருக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். "எனக்கு வலிக்குது" என்று நோயாளியின் வாயாகவே பேச வேண்டும்; இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். ஜூமில் எல்லோரும் மொழிபெயர்ப்பாளரின் முகத்தையே பார்ப்பார்கள். நர்ஸ் நோயாளியின் வீடியோவை 'பின்' (pin) செய்து தன் திரையில் பெரிதாக வைத்துக்கொண்டால் இது சரியாகும்.

நோயாளிக்கான குறிப்பு அட்டைகளைத் தனி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஓர் அட்டையில் மேஸ்திரியே மொழிபெயர்ப்பவர், காயமோ வேலையிடத்தில் பட்டது. இன்னொன்றில் அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பத்து வயது மகன் சொல்கிறான். பேட்டியை நிறுத்தி, தொலைபேசியிலாவது வேறு ஆளைக் கேட்பதுதான் சரியான விடை. நாகரிகம் கருதித் தொடர்ந்துவிடும் மாணவர்கள் நிறைய.

சொற்களுக்கு ஒரு வகுப்பு போதும். இந்தியில் சக்கர் என்றால் தலைசுற்றல்; அதைச் சர்க்கரை என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் விசாரணையே திசைமாறும். கப்ராஹட் என்பது பதற்றமாகவும் இருக்கலாம், நெஞ்சுப் படபடப்பாகவும் இருக்கலாம். எது என்று கேட்டே ஆக வேண்டும். புகையிலைப் பழக்கம் பற்றிக் கேட்கும்போது பீடி, சிகரெட்டோடு நிறுத்தினால், வாயில் அடக்கும் புகையிலையான கைனி தப்பிவிடும்.

நடிக்கும்போது யாராவது உச்சரிப்பைக் கேலி செய்தால் அங்கேயே நிறுத்துங்கள். வட மாநில மாணவர் ஒருவர் இருந்தால், அவரைத் தன் மாநிலத்துக்கே பிரதிநிதியாக்கி விளக்கம் கேட்காதீர்கள். பயிற்சியைப் பதிவு செய்யவும் வேண்டாம். பதிவு ஓடினால் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

மதிப்பீட்டுக்கு, மாணவர் நோயாளியிடம் பேசுவதுபோல் 3 நிமிட ஆடியோ மட்டும். "புரிஞ்சுதா?" என்று முடித்தவருக்கு மதிப்பெண் குறையும், அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நைட் ஷிப்ட் முடிச்சு ரூமுக்குப் போனதும் எந்த மாத்திரையைப் போடுவீங்க, காட்டுங்க" என்று கேட்டவருக்கு முழு மதிப்பெண்.