ஆரோவில் செம்மண்ணில் அம்மாவோடு

2024 அக்டோபர் 6, ஞாயிறு

மூட்டு வலிக்கு மாத்திரை மட்டும் போதாது, தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அம்மாவைப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குத்தான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரை குதிகாலில் இடிக்கிறது என்றாள். சரி, மண் தரையாகப் பார்ப்போம் என்று இன்று, பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில்.

பார்வையாளர் மையத்தில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, மாத்ரிமந்திர் என்ற பொன்னிற உருண்டைத் தியான மண்டபம் தெரியும் இடம் வரை நடந்தோம். ஒரு கிலோமீட்டர் இருக்கும். வழி முழுக்க நிழல். நடுவில் விழுது ஊன்றி நிற்கும் ஆலமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். திரும்பும்போது முடியாதவர்களுக்கு வண்டி இருக்கிறது. அது இருந்ததால்தான் அம்மாவைத் துணிந்து அழைத்துப் போனேன்.

மையத்தின் சுவரைத் தடவிப் பார்த்து, "இது சூளையில வெந்த கல்லு இல்லியே?" என்றாள். இல்லைதான். இந்த ஊர் மண்ணோடு கொஞ்சம் சிமெண்டு கலந்து, அச்சில் அழுத்திச் செய்த கல். ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கென்று வழங்கப்படும் ஹசன் ஃபாத்தி விருது 1992-இல் இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்தது.

வண்டியில் வரும்போது பக்கத்து ஊரைப் பற்றிச் சொன்னாள்: "இடையஞ்சாவடியில பெரியம்மா வீடு இருந்துச்சு. கொல்லையில முந்திரி. அதத் தாண்டினா பொட்டல்தான், அங்கொண்ணும் இங்கொண்ணுமா பனை. ஒதுங்க நிழல் கெடையாது." 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்களே, அதற்கு ஓரிரு வருடம் கழித்து அவள் பார்த்த பொட்டல் அது.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டது. ஈரத்தில் செம்மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மெதுவாக நடந்ததில், போன முறை கண்ணில் படாத ஒன்று பட்டது. மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு மண்கரைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது.

இந்த மேடு கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரம். கடலோ பக்கத்தில். மரமில்லாத காலத்தில் பெய்த மழையெல்லாம் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடி, பொம்மையார்பாளையம் பக்கம் ஆளுயரத்தையும் மிஞ்சிய பள்ளங்களை அறுத்திருக்கிறது. அதனால் இங்கே குடியேறியவர்கள் கன்று நட்டதோடு நிற்கவில்லை. கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஓடுகிற தண்ணீரை நிறுத்தினால்தான் மண் நிற்கும், மண் நின்றால்தான் கன்று பிழைக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. "வயலுக்கு வரப்பு மாதிரி காட்டுக்கும் வரப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

இன்று மையத்தில் டீ மட்டும் குடித்துவிட்டு, பக்கத்தில் இரும்பை என்ற ஊருக்குப் போனோம். ஏரிக்கரையில் கால் மணி நேர நடை, அப்புறம் மாகாளேசுவரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தரை மன்னன் அவமதித்தபோது லிங்கம் மூன்றாகப் பிளந்ததாம். செப்புப் பட்டம் கட்டியிருக்கிறார்கள். அவர் சாபத்தால்தான் சுற்றுப்புறம் வறண்டது என்றும், தூரதேசத்து ஆட்கள் வந்து பசுமையாக்குவார்கள் என்றும் இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். அம்மா இதை முழுசாக நம்புகிறாள்.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

நாலு வாரம் எழுதவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர், மயிலத்தில் 51. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் கரண்ட் இல்லை. அந்த இருட்டில் அம்மா கேட்ட கேள்வி: "அங்க கரையெல்லாம் நின்னிருக்குமா?"

இன்று போய்ப் பார்த்தோம். பெரும்பாலும் நின்றிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் உடைந்து, அறுத்துக்கொண்டு போன தடம் காயம்போல் சிவந்து கிடந்தது. அதன் இரு பக்கமும் வேர்கள் வெளியே தொங்கின. உடைந்த இடத்தில் யாரோ ஏற்கெனவே கல் அடுக்கி, கிளைகளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, உடையாத கரைக்குப் பின்னால் தண்ணீர் இன்னும் இருந்தது. தவளைச் சத்தம் காதை அடைத்தது.

விழுந்து கிடந்த மரங்களில் நான் பார்த்த மூன்றுமே அகேசியா. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம். வேகமாக வளர்ந்து நிழல் தரும் என்று முதலில் நட்டது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோதும் ஆரோவில்லில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அகேசியாவின் நிழலில் பிறகு நட்ட உள்ளூர் மரங்கள், அதாவது வீரை, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை போன்ற பழைய கடலோரக் காட்டு மரங்கள், மெதுவாகத்தான் வளரும். எங்கள் பாதையில் அவற்றில் ஒன்றுகூடச் சாயவில்லை. விழுந்த அகேசியா விட்ட இடைவெளியில் வெயில் இறங்கி, இடுப்புயர வீரைக் கன்று ஒன்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

போக வர முழுவதும் நடை. அம்மாவே கேட்டாள். பாதையோரம் சருகை விலக்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஈரம். "பொங்கல் வரைக்கும் ஈரம் இருந்தா சித்திரையத் தாங்கிடும்" என்றாள்.

வெளியே பனங்கிழங்குக் கட்டு வாங்கினோம். அடுத்த ஞாயிறு கழுவெளி ஏரிக்குப் போகலாம் என்று பேச்சு. அங்கே பூநாரை பார்க்கலாம், ஆனால் நிழல் கிடையாது. ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். குடை எடுத்து வைக்க வேண்டும்.